எலும்பு விலகிய இடத்தில் ஒலி நுழைகிறது

நண்பர்களே, முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் அல்ட்ராசவுண்ட் என்றதும் பலர் கேட்பது, "எலும்பை ஒலி ஊடுருவாதே, அப்புறம் எப்படி?" என்றுதான். நியாயமான கேள்வி. பெரியவர்களின் முதுகில் புரோபை, அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கைக்கருவியை, வைத்தால் எலும்பின் மேற்பரப்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதற்குக் கீழே பெரும்பாலும் கறுப்பு நிழல்தான்.

ஆனால் தண்டுவடத்தைப் பின்பக்கமாக அணுகும்போது, லாமினா என்கிற எலும்புத் தகட்டை எப்படியும் எடுக்கிறோம். ஒலிக்கு அந்தத் திறப்பு போதும். குழியில் சலைன் ஊற்றி, கிருமிநீக்கிய உறையிட்ட சின்ன புரோபை அந்த நீரில் இறக்கினால், தண்டுவடத்தின் மேல் அழுத்தாமலே படம் வந்துவிடும். தண்டுவடத்தை மூடியிருக்கும் டியூரா உறை வெள்ளைக் கோடு, சுற்றியுள்ள திரவம் கறுப்பு, தண்டுவடம் சாம்பல். அது துடிப்பதும் கண்முன்னே தெரியும். இது புதிய யோசனையும் அல்ல. டோர்மன், ரூபின் என்ற இரு மருத்துவர்கள் 1982-லேயே தண்டுவடக் கட்டிகளையும் நீர்ப்பைகளையும் இப்படிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

எம்.ஆர்.ஐ. இருக்கும்போது இது எதற்கு? எம்.ஆர்.ஐ. முன்பே எடுத்தது, வழக்கமாக மல்லாந்து படுத்த நிலையில். அறுவை நடப்பதோ குப்புறப் படுத்த நிலையில், அதனால் உள்ளே இருப்பவற்றின் இடம் சற்று மாறியிருக்கலாம். டியூராவைத் திறக்கும் முன்பே கட்டியின் மேல்முனையும் கீழ்முனையும் எங்கே என்று தெரிந்தால், எலும்பை இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டுமா என்பதை அப்போதே முடிவு செய்யலாம். டியூராவைத் திறந்து, திரவம் வடிந்து, தண்டுவடம் வெளியே தெரியும் நிலையில் மறுபடி எலும்பை வெட்டுவதை எந்த அறுவை மருத்துவரும் விரும்பமாட்டார்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. உடைந்த எலும்புத் துண்டோ இறுகிப்போன டிஸ்கோ தண்டுவடத்தை முன்பக்கத்திலிருந்து அழுத்தும்போது, பின்னாலிருந்து வேலை செய்பவரின் கண்ணுக்கு அது தெரியாது. பார்ப்பதற்காகத் தண்டுவடத்தை ஒதுக்குவது ஆபத்து. அல்ட்ராசவுண்டில் தண்டுவடத்துக்கு முன்னால் கறுப்புத் திரவப் பட்டை மறுபடி தோன்றியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். அது இல்லையென்றால், அழுத்தம் இன்னும் இருக்கலாம். நோயாளி இன்னும் மேசையில்தான் இருக்கிறார், காயம் திறந்தே இருக்கிறது. மிச்ச வேலையை இப்போதே முடிக்கலாம். இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு அறுவை என்று அவரை அலைக்கழிக்க வேண்டாம்.

இதிலும் ஏமாற இடமுண்டு. காற்றுக் குமிழிகள் படத்தைக் கெடுக்கும். ரத்தத்தை நிறுத்த வைக்கும் பஞ்சு வெள்ளையாகத் தெரிந்து மிச்சக் கட்டி போலத் தோன்றும். அதிர்வெண்ணைக் கூட்டினால் நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். அதனால்தான் இளம் மருத்துவர்களிடம் வற்புறுத்துகிறேன்: சிக்கலான கேஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். லாமினாவை எடுக்கும் எளிய அறுவையான லாமினெக்டமியிலும் புரோபை வைத்துப் பாருங்கள், இயல்பான படம் கண்ணில் பதியட்டும். நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியை (நரம்பு பிளாக்) போட மயக்கவியல் துறையினர் பயன்படுத்தும் அல்ட்ராசவுண்ட் கருவி பல அறுவை அரங்குகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பொருந்தும் சிறிய புரோப் ஒன்றை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள்.