நாகத்தின் தூய்மை 109 சதவீதம் வருமா?

வணக்கம் பிள்ளைகள். இன்றைய சந்தேகம் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் ஒரு மாணவி அனுப்பியது. வாசிக்கிறேன். "சேர், செப்பு கலந்த நாக (துத்தநாக, Zn) மாதிரி 0.800 கிராமை மிகையான ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் இட்டோம். நீருக்கு மேலாகச் சேகரித்த ஐதரசன் 300 கன சென்ரிமீற்றர். வெப்பநிலை 30 பாகை செல்சியஸ், வளியமுக்கம் 101 கிலோபஸ்கால். தூய்மை 109.5 சதவீதம் என்று வருகிறது. நிறுத்ததில் பிழையா, கணக்கில் பிழையா?"

நல்ல கேள்வி. விடையைக் கண்டு சந்தேகப்பட்டாரே, அதற்காகவே பாராட்ட வேண்டும். கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு பொன். 24 பங்கில் 26 பங்கு பொன் என்று எவராவது சொன்னால் வாங்குவோமா? இதுவும் அப்படித்தான்.

அவருடைய செய்கையைப் பார்த்தேன். 300 ஐ 22,400 ஆல் வகுத்திருக்கிறார். ஒரு மூல் (துணிக்கைகளின் அளவை எண்ணும் அலகு) வாயு 22.4 லீற்றர் என்பது 0 பாகை செல்சியசுக்கும் ஒரு வளிமண்டல அமுக்கத்துக்கும் உரிய கணக்கு. யாழ்ப்பாணத்தில் எந்த மார்கழிப் பனியிலும் 0 பாகை வந்ததில்லை. 30 பாகையில் அதே ஒரு மூல் ஏறக்குறைய 24.9 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். ஆகவே அவர் ஐதரசனைக் கூட்டி எண்ணிவிட்டார்.

சரி, 22.4 ஐ விட்டுவிட்டு வாயுச் சமன்பாட்டில் (PV = nRT) 101 கிலோபஸ்காலை அப்படியே போட்டால் என்ன வரும்? 98.3 சதவீதம். எனக்குப் பயம் தருவது இந்த விடைதான். 109 தன் பிழையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும், 98.3 நல்ல பிள்ளைபோல் இருந்துவிடும், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சாடிக்குள் இருப்பது ஐதரசன் மட்டுமல்ல. நீருக்கு மேல் சேகரித்த வாயுவில் நீராவியும் இருக்கிறது. 30 பாகையில் அதன் நிரம்பிய ஆவியமுக்கம் 4.24 கிலோபஸ்கால். அதைக் கழித்தால் ஐதரசனின் பங்கு 96.76 கிலோபஸ்கால்.

இப்போது கணக்கு. 96,760 பஸ்காலை 0.0003 கன மீற்றரால் பெருக்கி, வாயு மாறிலி 8.314 இனதும் 303 கெல்வினதும் பெருக்கத்தால் வகுத்தால் 0.01152 மூல் ஐதரசன். பீசமானம், அதாவது தாக்கத்தில் பொருள்கள் சேரும் மூல் விகிதம், வருகிற இடம் ஒரே வரிதான்: ஒரு மூல் நாகம் இரண்டு மூல் அமிலத்துடன் தாக்கமுற்று ஒரு மூல் ஐதரசனைத் தருகிறது. ஆகவே நாகமும் 0.01152 மூல். ஒரு மூல் நாகத்தின் திணிவான 65.4 கிராமால் பெருக்கினால் 0.753 கிராம். 0.800 இல் அது 94.2 சதவீதம்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். மாசு செப்பு என்பதால்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. செப்பு ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்திலிருந்து ஐதரசனை வெளியேற்றாது, அடியில் பொடியாகத் தங்கிவிடும். மாசு அலுமினியமாக இருந்தால்? இரண்டு மூல் அலுமினியம் மூன்று மூல் ஐதரசன் தரும். அதாவது 18 கிராம் அலுமினியம் 65.4 கிராம் நாகத்தின் வேலையைச் செய்யும். 0.750 கிராம் நாகத்துடன் 0.050 கிராம் அலுமினியம் இருந்தாலே, எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் "தூய்மை" 116 சதவீதத்தைத் தாண்டும். அப்போது பிழை எண்களில் இல்லை. மாதிரிக்குள் என்ன இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொண்டதில் இருக்கிறது.

இன்னொன்று. நெடுநாள் திறந்து மூடிய போத்தலில் உள்ள நாகத்தூளில் ஒட்சைட்டு படிந்திருக்கும். அது அமிலத்தைச் செலவழிக்கும், வாயுவைத் தராது. மீதி அமிலத்தை நியமித்து (காரம் சேர்த்து அதன் அளவை அறிந்து) தூய்மை கண்டால் அந்த ஒட்சைட்டையும் உலோகமாக எண்ணிவிடுவோம். பழைய தூளுக்கு நான் வாயுவை அளக்கும் முறையைத்தான் விரும்புவேன்.

அளக்கும்போது கண் வைக்க வேண்டிய இடமும் உண்டு. குமிழிகள் ஓய்ந்ததும் உடனே வாசிக்காதீர்கள். குடுவையை மெல்லச் சுழற்றுங்கள். தூளில் ஒட்டியிருந்த சிறு குமிழிகள் கழன்று மேலே வரும். தாக்கத்தில் சூடான வாயு அறை வெப்பநிலைக்கு ஆறட்டும். பிறகு சாடியை உயர்த்தியோ தாழ்த்தியோ உள்நீர் மட்டத்தையும் வெளிநீர் மட்டத்தையும் ஒன்றாக்குங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் மொத்த அமுக்கம் வளியமுக்கத்துக்குச் சமன் என்று எழுத உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி அனுப்பிய பிள்ளைக்கு ஒரு வேலை. குடுவையின் அடியில் தங்கிய பொடியை, முன்பே நிறுத்த வடிதாளில் வடித்து, நீரால் கழுவி, உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். மாசு முழுவதும் செப்பென்றால் 0.047 கிராமுக்கு அண்மையாக வர வேண்டும். வந்த எண் எதுவானாலும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.