ஏறி வந்த அணியோடு ஒரு பருவம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். உடற்கல்வி ஆசிரியராகப் பல ஆண்டுகள் விசில் ஊதிவிட்டு இப்போது காட்பாடியில் ஓய்வாக இருக்கும் நான், கீழ்ப்பிரிவிலிருந்து மேற்பிரிவுக்கு ஏறி வந்து, அங்கே வாரந்தோறும் அடிவாங்கும் கால்பந்து அணிகளின் ரசிகன் என்ற முறையில் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேலியாகச் சொல்வது உங்களுக்குத் தெரியும்: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. அதில் கோயிலைப் பற்றிய பகுதி 1981-இல் பொய்யாயிற்று; ஜலகண்டேஸ்வரர் தம் இடத்துக்குத் திரும்பி வந்தார். காலியாகக் கிடந்த கோயிலையும் சுற்றி வந்து பழகிய ஊர்க்காரனுக்கு லூட்டன் டவுன் என்ற ஆங்கில அணியின் மீது பற்று வந்ததில் வியப்பில்லை. 1992-இல் முதல் பிரிவிலிருந்து இறங்கிய அந்த அணி, 2009 முதல் ஐந்து ஆண்டுகள் ஐந்தாம் பிரிவில் கிடந்து, படிப்படியாக ஏறி, 2023 மே மாதம் வெம்பிளியில் பெனால்டி உதைகளில் கவன்ட்ரி அணியை வென்று, இன்றைய முதல் பிரிவான பிரீமியர் லீக்குக்கு வந்தது. ஐந்தாம் பிரிவில் ஆடிய எம்பான்சு என்ற ஆட்டக்காரர் அதே அணியோடு எல்லாப் படிகளையும் ஏறி முதல் பிரிவிலும் ஆடினார்.

என் மனத்தைப் பிடித்தது அவர்களுடைய மைதானம். கெனில்வொர்த் ரோடு என்ற அந்த மைதானத்தில், எதிரணி ரசிகர்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே உள்ள வாயிலில் நுழைந்து, படியேறி, யாருடைய வீட்டுத் தோட்டத்துக்கோ மேலாக நடந்து இருக்கைக்குப் போகிறார்கள். கொசப்பேட்டைச் சந்துக்குள் நுழைந்து ஒரு வீட்டுக் கொல்லைப்புறம் வழியாக மைதானத்துக்குள் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான்.

அந்த 2023-24 பருவத்துக்காக நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வெற்றி தோல்வியை எழுதாமல், எந்த நிமிடம் வரை நம்மவர்கள் தாக்குப்பிடித்தார்கள் என்பதை மட்டும் எழுதினேன். லிவர்பூலுக்கு எதிரே 80-ஆவது நிமிடத்தில் கோல் போட்டு, தொண்ணூறு நிமிடம் முடிந்து கூட்டித் தந்த நேரத்தில், 95-ஆவது நிமிடத்தில் சமநிலைக்கு இறங்கினார்கள். போர்ன்மவுத்தில் பாதி ஆட்டத்தில் மூன்று கோல் முன்னிலையில் இருந்தவர்கள், முடிவில் 3-4 என்று தோற்றார்கள்.

ஆர்சனல் ஆட்டத்தைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த அதே வாரம், டிசம்பர் 5. அங்கே இரவு எட்டேகால் மணி, இங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றே முக்கால். விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகனும் நானும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தோம். பின்தங்கியிருந்த லூட்டன் சமன் செய்து, மீண்டும் சமன் செய்து, 57-ஆவது நிமிடத்தில் 3-2 என்று முன்னே போனபோது நான் கத்திவிட, உள்ளறையில் விளக்கு எரிந்தது. மூன்றே நிமிடத்தில் ஆர்சனல் சமன் செய்தது. பிறகு அரை மணி நேரத்துக்கும் மேலாகத் தாக்குப்பிடித்தார்கள். 97-ஆவது நிமிடத்தில் ஆர்சனலின் டெக்லன் ரைஸ் தலையால் முட்டிய பந்து உள்ளே போயிற்று. “ஏன் மாமா, தோக்கற டீமாவே பார்த்துப் புடிச்சீங்க?” என்று பையன் கேட்டான். நான் பதில் சொல்லாமல் நோட்டில் ‘97’ என்று எழுதினேன். சிறிது நேரத்தில் தெருவில் பால்காரர் மணியடித்தார்.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் ஒன்று விளங்கிற்று. பிரிவுகளுக்கிடையிலான பள்ளம் முதல் பதினோரு பேரிடம் அவ்வளவாக இல்லை. அது மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் இருக்கிறது. பணக்கார அணி எழுபதாவது நிமிடத்தில் களைத்தவர்களை உட்கார வைத்துவிட்டு, அதே தரத்தில் புதுக்கால்களை இறக்குகிறது. ஏறி வந்த அணியிடம் அப்படி இறக்க ஆளில்லை. கீழ்ப்பிரிவில் மன்னிக்கப்பட்ட சிறு பிசகும் இங்கே கோலாகிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளி முதலாக வந்த பையன் கல்லூரி முதல் பருவத்தில் அரியர் வாங்குவதைப் பார்த்த பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

38 ஆட்டங்களில் லூட்டன் எடுத்தது 26 புள்ளிகள், இருபது அணிகளில் பதினெட்டாம் இடம்; கடைசி மூன்று அணிகள் கீழே போக வேண்டும், இறங்கிவிட்டார்கள். அந்த ஆண்டு ஏறி வந்த மற்ற இரண்டு அணிகளும் கூடவே இறங்கின, அடுத்த ஆண்டு ஏறி வந்த மூன்றும் அப்படியே.

இங்கே நம் மாவட்டத்தில் முதல் டிவிஷனுக்கு ஏறியிருக்கும் ஒரு பையன்கள் அணியைப் பற்றித்தான் பாதி நேரம் பேச எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் இரண்டு விரல் காட்டிய பிறகு இப்போது ஒரு விரல் காட்டுகிறார். நான்கு ஆட்டம், நான்கும் தோல்வி, கடைசியாகத் தோற்றது 88-ஆவது நிமிடத்தில். ஞாயிறு மாலை நான்கரை மணிக்கு நேதாஜி மைதானத்தில் அடுத்த ஆட்டம். நோட்டோடு காலரியில் இருப்பேன். வணக்கம்.