வால்வ் ஆம்ப்ளிஃபையரின் டிஸ்டார்ஷன் சிலருக்கு ஏன் பிடிக்கிறது?

அடுத்து ஒரு நண்பர் கேட்கிறார்: "சார், 300பி வால்வ் ஆம்ப்ளிஃபையரில் ஃபுல் பவரில் டிஸ்டார்ஷன் சில சதவீதம் வரை போகிறது. சாதாரண ஐசி ஆம்ப்ளிஃபையரில் 0.1 சதவீதம்கூட இல்லை. அப்புறம் ஏன் வால்வ்தான் இனிமை என்கிறார்கள்? என் ஸ்பீக்கர் சென்சிடிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் கேட்கும் சத்தம்) 86 டெசிபல், 300பி வாங்கலாமா?"

300பி 1938-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கொண்டுவந்த வால்வ். இன்னும் மவுசு குறையவில்லை. டிஸ்டார்ஷன் என்பது உள்ளே போன ஒலியில் இல்லாததை ஆம்ப்ளிஃபையர் சேர்ப்பது. அதன் சதவீதத்தை மட்டும் பார்த்தால் காரணம் புரியாது. கூடுதலாகச் சேர்கிற ஒலி எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

440 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் உள்ளே போகிறது என்று வையுங்கள். ஒற்றை 300பி போட்ட சிங்கிள் எண்டட் சர்க்யூட் (அலை முழுவதையும் ஒரே வால்வ் பெருக்குவது) பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக்கைத்தான் சேர்க்கும், அதாவது இரு மடங்கு அதிர்வெண்ணான 880. 440 சட்ஜம் என்றால் 880 மேல்ஸ்தாயி சட்ஜம். மூன்றாவது 1320, அதற்கு மேலே உள்ள பஞ்சமம். ஐந்தாவது அந்தர காந்தாரம். தம்புராவில் தானாகக் கேட்குமே, அதே காந்தாரம். எல்லாம் சுருதியோடு ஒட்டிக்கொள்வதால் பாடகர் குரல் கொஞ்சம் கனத்த மாதிரிதான் இருக்கும். தவிர, 440 பலமாக ஒலிக்கும்போது பக்கத்தில் மெலிதாக இருக்கும் 880 காதுக்குத் தனியாகத் தெரியாது.

ஏழாவது, 3080, எந்த ஸ்வரத்திலும் சரியாக உட்காராது. பயாஸ் (சிக்னல் இல்லாதபோதும் ஓட வேண்டிய சிறு மின்னோட்டம்) சரியாக வைக்காத டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில், அலை ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து அடுத்ததற்குக் கைமாறும் இடத்தில் வருகிற கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் இந்த மாதிரி மேல் ஹார்மோனிக்குகளைத்தான் கிளப்பும். வால்யூமைக் குறைத்தால் இன்னும் உறுத்தும். அளவு கம்மிதான், ஆனால் காது விடாது.

இன்னொன்று, பலர் பேசாதது. ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பிப் பிழையைக் குறைப்பது) இல்லாத வால்வ் ஆம்ப்ளிஃபையரில் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஏசி மின்னோட்டத்துக்கான தடை, அதிகம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறுகிற இடத்தில், முக்கியமாக பேஸ் ரெசனன்ஸில் (ஸ்பீக்கர் இயல்பாகவே அதிகம் அதிரும் தாழ்ந்த அதிர்வெண்ணில்), சத்தமும் ஏறும். இது டிஸ்டார்ஷன் கணக்கிலேயே வராது. 'வால்வ் சவுண்டு' என்று ரசிப்பதில் கணிசமான பங்கு இதற்குத்தான் என்பது என் கருத்து.

ஒரு குரல், ஒரு வீணை என்றால் அருமை. நூறு பேர் ஆர்கெஸ்ட்ரா என்றால் கதை வேறு. ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து கூட்டல், கழித்தல் அதிர்வெண்கள் பிறக்கும். அவை சுருதியில் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒலி குழம்பிவிடும். அதுவும் ஒற்றை 300பி-யில் கிடைப்பது சுமார் 8 வாட். உங்கள் 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு அது போதாது, உரத்த இடங்களில் கிளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்படும். வேண்டாம். 95 டெசிபல் பக்கம் ஒரு ஸ்பீக்கர் கிடைத்த பிறகு வால்வ் பக்கம் போங்கள்.