புல் வெட்டும் எஞ்சினில் பறக்கும் மாடல் விமானம்

[திரையில்: மேசைமேல் பிரஷ் கட்டர் எஞ்சின்]

வணக்கம். தோப்பில் புல் வெட்டுகிற பிரஷ் கட்டரின் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை மாடல் விமானத்தில் மாட்டலாமா? தாராளமாக மாட்டலாம், ஆனால் எஞ்சினுக்கு ஏற்றபடி விமானத்தைக் கட்ட வேண்டும், ஏற்கெனவே இருக்கிற விமானத்தில் இதைத் திணிக்கக் கூடாது.

பிரஷ் கட்டரில் வரும் ஹோண்டா ஜிஎக்ஸ் 25 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 25 சிசி, நிமிடத்துக்கு 7,000 சுற்றில் சுமார் ஒரு குதிரைத்திறன், எடை 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மாடல் விமானத்துக்கென்றே செய்த அதே அளவு டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் இதில் பாதி எடைகூட இருக்காது, சக்தியோ இரண்டு மடங்கு தரும். அப்புறம் இது எதற்கு? பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், இறக்கையெல்லாம் எண்ணெய் வழியாது, சத்தம் காதைக் கிழிக்காது. எனக்கு முக்கியக் காரணம் வேறு. அகலமான இறக்கையோடு நிதானமாகப் போகிற பழைய காலத்து விமான மாடலில் 17, 18 அங்குல புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றுவது அவ்வளவு பொருத்தமாக இருக்கும். குட்டிக்கரணம் அடிக்கிற விமானம்தான் வேண்டும் என்றால் இந்த எஞ்சின் வேண்டாம்.

[திரையில்: கிளட்ச் கவரைக் கழற்றுவது]

முதலில் கழற்ற வேண்டியவை: கிளட்ச் கவர், கிளட்ச், பிளாஸ்டிக் மூடி, டேங்க், கயிறு இழுக்கிற ஸ்டார்ட்டர். கையால் புரொப்பெல்லரைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிப் பழகாதவர்கள் ஸ்டார்ட்டரை விட்டுவைக்கலாம், எடை மட்டும் கூடும். எஞ்சின் ஷாஃப்ட்டோடு சுற்றுகிற கனமான சக்கரமான ஃபிளைவீலைத் தொடும்போது நிதானம் தேவை. அதில் பதித்திருக்கிற காந்தம் பக்கத்தில் இருக்கிற காயிலை, அதாவது கம்பிச் சுருளை, கடக்கும்போதுதான் பிளக்கில் தீப்பொறி வருகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எரிப்பு, ஆனால் இந்த அமைப்பில் தீப்பொறி ஒவ்வொரு சுற்றுக்கும் வரும், ஒன்று வீணாகப் போகும், அதனால் கெடுதல் இல்லை. எடை குறைக்க ஃபிளைவீலில் இருக்கிற விசிறி இதழ்களைக் கடைந்து எடுக்கலாம், புரொப்பெல்லரே ஃபிளைவீல் வேலையையும் பார்த்துக்கொள்ளும். காந்தத்தையும் அதற்கு எதிர்ப்பக்க எடையையும் மட்டும் தொடக் கூடாது.

சரி, இந்த வேலையின் உயிர்நாடி புரொப்பெல்லரை எஞ்சினோடு இணைக்கிற ஹப்தான். கிளட்ச் ஷூ மாட்டியிருந்த துளைகளில் ஹப்பை முடுக்கலாம், ஆனால் அந்த போல்ட்டுகளை நம்பி மையம் பிடிக்காதீர்கள். ஷாஃப்ட்டின் முனையில் ஹப் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். நம் பக்கத்தில் மீன்பிடி வல்லத்துக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற லேத் பட்டறைகள் இருக்கின்றன, அங்கே காட்டினால் போதும், மையம் என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாட்டிய பிறகு ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள், முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் அசைந்தால் திரும்ப லேத்துக்கு. 18 அங்குல புரொப்பெல்லர் 7,000 சுற்றில் ஓடும்போது அதன் முனை நொடிக்கு சுமார் 168 மீட்டர் வேகத்தில் போகிறது, கொஞ்சம் ஆட்டம் இருந்தால்கூட எஞ்சினைத் தாங்குகிற முன்பலகையின் போல்ட் ஒவ்வொன்றாகத் தளரும். கிளட்ச் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த எஞ்சின் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும், அதனால் சாதாரண புரொப்பெல்லரே போதும்.

தலைகீழாகப் பறந்தால் ஆயில்? 80 மில்லி ஆயில்தான், எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடும்படி வடிவமைத்த எஞ்சின் இது. கார்புரேட்டரும் ரப்பர் சவ்வால் வேலை செய்கிற டயாஃப்ரம் வகை, அதுவும் கவிழ்ந்தால் கவலைப்படாது. ஷ்டில் நிறுவனத்தின் 4-மிக்ஸ் எஞ்சின் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனியுங்கள், அது ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தாலும் தனி ஆயில் கிடையாது, பெட்ரோலில் ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும்.

விசிறியை எடுத்துவிட்டால் சிலிண்டரைக் குளிர்விக்கப் புரொப்பெல்லர் காற்றுதான் கதி. மூக்கு மூடியில் காற்று நுழைகிற வாயைவிட வெளியேறுகிற வாய் குறைந்தது இரண்டு மடங்கு பெரிதாக இருக்கட்டும். உள்ளே வந்த காற்று சிலிண்டர் இதழ்களை உரசிப் போகும்படி ஒரு தகடு வையுங்கள்.

காயிலிலிருந்து வரும் மெல்லிய ஒயரை எஞ்சின் உடம்பில் தொடவிட்டால் தீப்பொறி நின்றுவிடும். அதை ரிமோட்டிலிருந்தே செய்கிற கில் சுவிட்ச் இல்லாமல் புரொப்பெல்லரைச் சுற்றவே சுற்றாதீர்கள். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திராட்டிலை இழுக்கிற கம்பியும் உலோகமாக இருக்க வேண்டாம், பிளக்கின் மின் இரைச்சல் அதன் வழியே ரிசீவருக்கு ஏறும். அந்த இரைச்சலைக் குறைக்க ரெசிஸ்டர் உள்ள பிளக்தான் போடுங்கள்.

[திரையில்: வறண்ட கண்மாய், காலை வெயில்]

கோடையில் காய்ந்து கிடக்கிற கண்மாய்த் தரை நல்ல ஓடுபாதை. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் வெயில் ஏறுமுன் பறத்தி முடித்துவிடுங்கள், பெரிய இறக்கையைக் காற்று சும்மா விடாது. பறக்கும் இடத்தை மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் கட்டாயம் பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இருக்கிறது, வரைபடத்தில் சிவப்பாகக் காட்டுகிற தடை மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் மாடலைக்கூட மேலே ஏற்ற முடியாது.

வீட்டுக்குக் கிளம்பும்போது டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, டயாஃப்ரம் ரப்பர் விறைத்துப் போகும். ஃபிளைவீல் காந்தத்தின் முகத்தையும் காயிலின் இரும்பு முனைகளையும் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், இரண்டுக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி, உப்புத் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.