யாரிடம் கேட்கிறோம்: பொது ஒலிபரப்பும் மாற்றுத்திறனாளிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐக்கிய நாடுகள் அவை 1992ஆம் ஆண்டு அறிவித்ததிலிருந்து, டிசம்பர் 3ஆம் நாள் பன்னாட்டு மாற்றுத்திறனாளிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. அந்த நாளையொட்டி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வரும் சிறப்பு நிகழ்ச்சிகளில் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதை நேயர்கள் கவனித்திருக்கக்கூடும். புல்லாங்குழல் இசையோடு நிகழ்ச்சி தொடங்கும். தாயார் தாம் பட்ட பாட்டைச் சொல்வார். தலைமையாசிரியர் பெருமிதத்தோடு பேசுவார். மருத்துவர் ஒருவர் குறைபாட்டின் காரணங்களை விளக்குவார். யாரைப் பற்றி இத்தனை பேரும் பேசினார்களோ, அந்த மாற்றுத்திறனாளி கடைசி இரண்டு நிமிடங்களில் வந்து எல்லாருக்கும் நன்றி சொல்லி விடைபெறுவார். தயாரிப்பாளரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால், கேள்விகள் எல்லாம் அவரைச் சுற்றி இருப்பவர்களிடமே கேட்கப்படுகின்றன, அவரிடம் கேட்கப்படுவதில்லை.

பிரிட்டனில் பி.பி.சி. வானொலி இந்தப் பழக்கத்தையே தலைப்பாக வைத்து 1977இல் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி 1998 வரை நடத்தியது. 'அவருக்குச் சர்க்கரை போடலாமா?' என்பது அதன் தலைப்பின் பொருள். சக்கர நாற்காலியில் வந்தவருக்குத் தேநீர் கொடுக்கும்போது, அவரை விட்டுவிட்டு, நாற்காலியைத் தள்ளி வந்தவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அது. நம் ஊரிலும் மருத்துவமனை, வங்கி, வட்டாட்சியர் அலுவலகம் என்று எங்கு போனாலும் இதே கதைதான்: கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரில் அமர்ந்திருக்க, "இவர் என்ன படித்திருக்கிறார்?" என்று துணைக்கு வந்தவரிடம் விசாரிப்பார்கள்.

அந்த நிகழ்ச்சிக்கும் முன்பே, 1961ஆம் ஆண்டு அக்டோபரில், பார்வையற்ற நேயர்களுக்கென்று 'இன் டச்' என்ற நிகழ்ச்சியை அதே நிறுவனம் தொடங்கியது. அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் ஒலித்துவரும் அந்த நிகழ்ச்சியை 1974 முதல் வழங்கி வருபவர், பிறவியிலேயே பார்வையில்லாத பீட்டர் வைட். எந்த உதவித்தொகையில் விதி மாறியிருக்கிறது, புதிதாக வந்திருக்கும் கருவி சொன்னபடி வேலை செய்கிறதா, வழிகாட்டி நாய்க்கு ஏன் இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, ரயில் நிலையத்தில் உதவியாளர் வராமல் போனால் யாரிடம் முறையிடுவது என்பன போன்ற செய்திகளே அதற்கு அன்றாடச் சரக்கு. கண்ணீர் வரவழைக்கும் கதைகளைத் தேடுபவருக்கு இது சலிப்பூட்டலாம். ஆனால் பயன்படுகிற செய்தி சற்றுச் சலிப்பூட்டத்தான் செய்யும். வானிலை அறிக்கையையும் சந்தை நிலவரத்தையும் நாம் அழுவதற்காகவா கேட்கிறோம்? இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. பீட்டர் வைட் அந்த ஒரு நிகழ்ச்சிக்குள் அடைக்கப்படவில்லை. பொதுவான நுகர்வோர் நிகழ்ச்சியொன்றையும் அவர் நெடுங்காலம் வழங்கினார். மின்கட்டணம் பற்றியும் காப்பீடு பற்றியும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட நேயர்களுள் பலருக்கு அவருடைய பார்வையின்மை நினைவுக்கே வந்திருக்காது.

சிறப்பு நிகழ்ச்சிகளின் அச்சை இதைக் காட்டிலும் துணிச்சலாக உடைத்தவர்கள் ஜப்பானியர்கள். அங்கே ஒரு தனியார் தொலைக்காட்சி 1978 முதல் ஆண்டுக்கொரு முறை இருபத்து நான்கு மணி நேரத் தொடர் நிகழ்ச்சியை நடத்தி நன்கொடை திரட்டி வருகிறது. உடற்குறைபாடு உள்ளவர்கள் மலையேறுவதும் கடலில் நீந்துவதும், அதைக் கண்டு திரைப்பட நட்சத்திரங்கள் கண் கலங்குவதும் அதில் வாடிக்கை. பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் கல்வி அலைவரிசையில் 2012 முதல் 'பாரிபாரா' என்றொரு நிகழ்ச்சி வந்தது. மாற்றுத்திறனாளிகளே தங்களைப் பற்றி நகைச்சுவையாகவும் வெளிப்படையாகவும் காதல், வேலை, பணம் என்று எதையும் பேசும் நிகழ்ச்சி அது. 2016 ஆகஸ்ட் 28 அன்று, அந்த நன்கொடை நிகழ்ச்சி ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த அதே மாலையில், பாரிபாராக் குழுவினர் நேரலையில் தோன்றினார்கள். எதிர் நிகழ்ச்சியில் அணிவதைப் போன்ற மஞ்சள் நிற டி-ஷர்ட். 'அன்பு உலகைக் காக்கும்' என்பது அங்கே முழக்கம்; இவர்கள் சட்டையிலோ 'சிரிப்பு உலகைக் காக்கும்' என்றிருந்தது. உருக்கமான ஆவணப்படம் எப்படிச் சமைக்கப்படுகிறது என்பதை அவர்களே நடித்துக் காட்டினார்கள்: இயல்பாகப் பேசியது வெட்டப்படுகிறது, துன்பம் கூட்டப்படுகிறது, பின்னணி இசை ஏற்றப்படுகிறது.

அன்று அவர்கள் மேற்கோளாக எடுத்துக்கொண்டது ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணியின் கருத்தை. நகைச்சுவைக் கலைஞரும் இதழாளருமான அவர் சக்கர நாற்காலியில் இயங்கியவர். மாற்றுத்திறனாளிகளின் கட்டுரைகளையும் விவாதங்களையும் வெளியிடுவதற்காக ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி. 2010இல் 'ராம்ப் அப்' என்ற இணையதளத்தைத் தொடங்கியபோது, அதற்கு அவரே ஆசிரியரானார். காலையில் எழுந்து, பல் துலக்கி, வேலைக்குப் போவதற்காகத் தம்மை யாரும் பாராட்ட வேண்டியதில்லை என்பது அவருடைய வாதம். மற்றவர்கள் தங்கள் கவலையை மறந்து 'நம் நிலை எவ்வளவோ மேல்' என்று ஆறுதலடைவதற்கான பொருளாக மாற்றுத்திறனாளிகளைப் பயன்படுத்துவதை அவர் கடுமையாகச் சாடினார். ராம்ப் அப் தளத்துக்கான நிதி 2014இல் நின்றுபோயிற்று. அதே ஆண்டு டிசம்பரில், 32 வயதில், அவரும் மறைந்தார். பொது ஊடகத்தில் இத்தகைய முயற்சிகள் தனி நிதியை நம்பியே நடப்பதால், சிக்கனம் என்ற பேச்சு வரும்போது முதலில் கத்தி விழுவது இவற்றின் மீதுதான்.

இனி, ஊர்க் கதைகளுக்கு வருகிறேன். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1969இல் பார்வையற்றோருக்கான வாசிப்பு வானொலிச் சேவை ஒன்று தொடங்கியது. பண்பலை அலைவரிசையோடு மறைவாக இணைந்து வரும் துணை அலையில் அது ஒலிபரப்பானது. அதைக் கேட்பதற்குரிய தனி வானொலிப் பெட்டி நேயர்களுக்கு வழங்கப்பட்டது. புத்தகங்களும் நாளிதழ்களும் அதில் வாசிக்கப்பட்டன. அதைப் பின்பற்றிப் பல நகரங்களில் இத்தகைய சேவைகள் எழுந்தன. தன்னார்வலர்கள் அமர்ந்து உள்ளூர்ச் செய்தித்தாளைப் பக்கம் பக்கமாக வாசித்தார்கள். தலையங்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், மளிகைக் கடை விலைத் தள்ளுபடியையும் மரண அறிவித்தலையும்கூட வாசித்தார்கள். உலகச் செய்தி எல்லா வானொலியிலும் கிடைத்துவிடும். நம் தெருவில் யார் இறந்தார், எந்தக் கடையில் அரிசி விலை குறைந்திருக்கிறது என்பது தெரியாமல் போகும்போதுதான் ஒருவர் ஊருக்குள் இருந்துகொண்டே ஊருக்கு வெளியே தள்ளப்படுகிறார். காதுகேளாதோர் வகையில் பாஸ்டன் நகரப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் முன்னோடியாக இருந்தது. 1972இல் அது வசன எழுத்துகளோடு ஒளிபரப்பத் தேர்ந்தெடுத்தது ஒரு சமையல் நிகழ்ச்சியை. குழம்பு கொதிப்பதைப் பார்க்க முடிந்தவருக்கு, அதில் எவ்வளவு உப்புப் போட்டார்கள் என்பதும் தெரிய வேண்டுமல்லவா?

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ள உள்ளடக்கம் அனைத்தும் அவர்கள் அணுகக்கூடிய வடிவில் கிடைப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை அரசுக்கு வைத்திருக்கிறது. செவித்திறன் குறைந்தவர்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பின்தொடர்வதற்கான தரநிலைகளை ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019இல் வெளியிட்டது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு திரைப்பட வழக்கில் அளித்த தீர்ப்பில், குறைபாட்டை இழிவுபடுத்தும் நகைச்சுவையையும், அதைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவையையும் பிரித்துக் காட்டியது. காட்சி ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்தரிப்பவர்கள் அவர்களையே கலந்து பேச வேண்டும் என்றும் வழிகாட்டியது. ஜப்பானியக் குழுவினர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு செய்ததும் அந்த இரண்டாம் வகை நகைச்சுவைதான்.

சமுதாய வானொலிக்கும் இங்கே வழி இருக்கிறது. நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியான அண்ணா பண்பலை 2004இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் கிடைக்க வழி செய்த கொள்கை, நிகழ்ச்சிகளில் பாதியையாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக்க வேண்டும் என்கிறது. அந்த உள்ளூர் மக்களுக்குள் மாற்றுத்திறனாளிகளும் அடக்கம் என்பதை நிலையங்கள் நினைவில் கொண்டால் கதைகளுக்குப் பஞ்சமே இராது. மெரினா கடற்கரையில் சக்கர நாற்காலிகள் அலையருகே செல்வதற்காக 263 மீட்டர் நீளத்தில் மரப்பாதை அமைத்து 2022 நவம்பர் இறுதியில் திறந்தபோது எல்லா ஊடகங்களும் அங்கே இருந்தன. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியபோதும் படங்கள் வந்தன. செய்தி அத்தோடு முடிந்துவிடுகிறதா? பாதையில் மணல் மூடியிருக்கிறதா, வாகன நிறுத்தத்திலிருந்து பாதை வரை எப்படிப் போவது, கழிப்பறைக் கதவு நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கிறதா என்று மாதத்துக்கொரு முறை, அங்கே உண்மையாகவே சென்று வரும் ஒருவரின் குரலில் சொன்னால், அதுதான் ஊர்க் கதை. தாழ்தளப் பேருந்து எந்த வழித்தடத்தில் எத்தனை மணிக்கு வருகிறது, அடையாள அட்டைக்கான மருத்துவ முகாம் எங்கே நடக்கிறது என்று இந்தப் பட்டியலை நேயர்களே நீட்டிக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நடப்பதைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள ஒருவர் பேசும்போது சொற்கள் இழுபடலாம்; ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே மூச்சு வாங்க நேரம் ஆகலாம். தொகுப்பாளரின் கை தானாகவே அந்த இடைவெளிகளை வெட்டப் போகிறது. இல்லையென்றால், அவர் குரலைத் தாழ்த்திவிட்டு அறிவிப்பாளரின் தெளிவான குரலை மேலே ஏற்றிவிடுகிறார்கள். இரண்டுமே அவருடைய பேச்சை அவரிடமிருந்து பறிப்பதாகும். பழக்கமில்லாத ஒரு பேச்சுக்குக் காது இணங்கச் சிறிது நேரம் பிடிக்கும். முதல் ஒரு நிமிடத்தை வெட்டாமல் ஓடவிட்டால், இரண்டாம் நிமிடத்தில் பெரும்பாலான நேயர்களுக்குப் பேச்சு விளங்கத் தொடங்கிவிடும். விளங்காத இடங்களில், நேர்காணல் செய்பவர் அடுத்த கேள்வியிலேயே அவர் சொன்னதைச் சேர்த்துக் கேட்கலாம். பதினைந்து நிமிட நேர்காணலுக்கு இருபத்தைந்து நிமிடம் ஒதுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அறிமுகத்திலும் ஒரு கட்டுப்பாடு தேவை. சிறுதானிய சாகுபடி பற்றிப் பேச வந்த உழவரை, 'இரண்டு வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டும் மனம் தளராத' என்று அறிமுகப்படுத்துவதால் கம்புக்கு விளைச்சல் கூடிவிடாது. அவர் எத்தனை ஏக்கரில் பயிரிடுகிறார் என்று சொன்னால் போதும். அவரை நிலையத்துக்கு அழைக்கும் முன் மாடிப்படிகளை எண்ணிப் பார்ப்பதும், மற்ற பேச்சாளர்களுக்குத் தரும் மதிப்பூதியத்தையே அவருக்கும் தருவதும் நிலையத்தாரின் வேலை. 'வாய்ப்புக் கொடுத்தோமே' என்ற மனநிறைவு மதிப்பூதியத்துக்கு ஈடாகாது.

நிறைவாக, இந்த உரையையே எடுத்துக்கொள்வோம். காதுகேளாதோரைப் பற்றியும் நான் பேசியிருக்கிறேன். அவர்களால் இதைக் கேட்க முடியாது. 2019இன் தரநிலைகள் தொலைக்காட்சிக்கு உரியவை. ஆனால் நான் குறிப்பிட்ட 42ஆம் பிரிவு ஒலி ஊடகத்தையும் சேர்த்தே சொல்கிறது. உரையாளர்கள் பெரும்பாலும் எழுதி வைத்துத்தான் வாசிக்கிறோம். கையெழுத்துப் படி நிலையத்தின் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. இந்த உரையின் எழுத்து வடிவத்தை இணையத்தில் வெளியிடுமாறு நிலையத்தாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்கு முன் ஒலிபரப்பான உரைகளையும் அவ்வாறே ஒவ்வொன்றாக வெளியிட்டால், கேட்க இயலாதவர்கள் இந்த நிலையத்தின் வாசகர்களாகலாம். அதற்குப் புதிய கருவியோ புதிய நிதியோ தேவையில்லை. தட்டச்சு செய்ய ஓர் ஆள் போதும்.

நன்றி, வணக்கம்.