அறுபதாயிரம் தலைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கொடியில் இன்று 50 நட்சத்திரங்கள், மாநிலத்துக்கு ஒன்று. நாடு பிறந்தபோது 13தான். பிறகு வந்த மாநிலங்களில் பெரும்பாலானவை முதலில் வெறும் ‘பிரதேசங்கள்’. அங்கே குடியிருப்பவர்களுக்கு ஆளுநரை அனுப்புவது மத்திய அரசு; அதிபர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது.

பிரதேசம் எப்படி மாநிலம் ஆகும் என்ற விதியை 1787 ஜூலையிலேயே வகுத்துவிட்டார்கள். அரசியல் சாசனம்கூட அப்போது எழுதி முடியவில்லை. ஓஹியோ ஆற்றுக்கு வடமேற்கே கிடந்த நிலத்துக்காகப் போட்ட சட்டம் அது. ‘கிடந்த நிலம்’ என்று சொல்லிவிட்டேன், தப்பு. ஷானி, மயாமி முதலான பூர்வகுடிகள் வாழ்ந்த மண் அது. அவர்கள் சம்மதம் இல்லாமல் நிலத்தை எடுக்கக் கூடாது என்று அதே சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. எட்டே ஆண்டுகளில், போரில் தோற்கடித்து, இன்றைய ஓஹியோவின் பெரும்பகுதியை ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சட்டம் சொன்ன கணக்கு இதுதான். முதலில் ஆளுநரும் மூன்று நீதிபதிகளும். வயது வந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் ஆனதும் ஒரு சட்டசபை. காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், பேசலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாத ஒரு பிரதிநிதி. சுதந்திரக் குடிகள் 60,000 பேர் சேர்ந்துவிட்டால் மாநிலம், அதுவும் பழைய மாநிலங்களோடு எல்லா வகையிலும் சரிசமமாக. பேரரசுகள் குடியேற்றங்களை அடிமைப்படுத்தி வைத்திருந்த காலத்தில், இந்தச் ‘சரிசமம்’ சின்ன விஷயமல்ல.

ஆனால் தலை எண்ணிக்கையை வைத்தா கதவைத் திறந்தார்கள்? ஒவ்வொரு புது மாநிலமும் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும். அந்த இரண்டு ஓட்டு யாருக்கு விழும் என்பதுதான் வாஷிங்டனில் பார்த்த கணக்கு.

நெவாடாவைப் பாருங்கள். 1860 கணக்கெடுப்பில் அங்கே ஏழாயிரம் பேர்கூட இல்லை. வெள்ளிச் சுரங்கத்துக்காக ஆட்கள் குவிந்த பிறகும், 1870இல் 42,000 சொச்சம்தான். ஆனால் 1864இல் உள்நாட்டுப் போர் நடக்கிறது, லிங்கன் மறுபடி தேர்தலில் நிற்கிறார், அவர் கட்சிக்கு ஓட்டு வேண்டும். நெவாடாவின் அரசியல் சாசனத்தைத் தபாலில் அனுப்பினால் நேரத்துக்குப் போய்ச் சேராது என்று, 16,543 சொற்களையும் தந்தியில் அடித்தார்கள். செலவு 4,303 டாலர். அக்டோபர் 31 மாநிலம். எட்டாம் நாள் தேர்தல். இவ்வளவு அவசரப்பட்டும், மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு ஓட்டுப் போட வேண்டிய நெவாடாவின் மூன்று தேர்வாளர்களில் ஒருவர் பனியில் மாட்டிக்கொண்டு ஓட்டே போடவில்லை!

நியூ மெக்சிகோவோ 1850லேயே அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. மாநிலமானது 1912இல். 62 ஆண்டுக் காத்திருப்பு. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசும் கத்தோலிக்கர்கள். ‘இவர்கள் அமெரிக்கர்கள் ஆவார்களா’ என்ற சந்தேகம் வாஷிங்டனில் லேசில் தீரவில்லை. 1906இல் பக்கத்துப் பிரதேசமான அரிசோனாவோடு சேர்த்து ஒரே மாநிலமாக்கப் பார்த்தார்கள். நியூ மெக்சிகோ சரி என்றது, அரிசோனா மறுத்துவிட்டது.

அந்த அரிசோனா கதைதான் எனக்குப் பிடித்தது. நீதிபதிகளையும் மக்கள் ஓட்டுப் போட்டுத் திரும்ப அழைக்கலாம், அதாவது பதவியிலிருந்து நீக்கலாம் என்று தன் சாசனத்தில் எழுதியிருந்தது. அதிபர் டாஃப்ட் முன்னாள் நீதிபதி, இதற்கு ஒப்புவாரா? 1911இல் மாநிலமாக்கும் தீர்மானத்தைத் தடுத்தார். அரிசோனாக்காரர்கள் சண்டை போடவில்லை. அந்த வரியை அடித்தார்கள். 1912 பிப்ரவரி 14 அன்று மாநிலமானார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஓட்டெடுப்பு நடத்தி அந்த வரியைத் திரும்பச் சேர்த்தார்கள். அதிபரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது அவர்கள் சரிசமம் அல்லவா?

வணக்கம்.