சிசி இல்லாத வண்டியை எந்தச் சட்டத்தால் அளப்பது?

[காட்சி: ஓசூர் சாலை. புகை விட்டுப் போகும் பழைய மொபெட். அதைச் சத்தமில்லாமல் முந்தும் ஸ்கூட்டர்.]

வணக்கம். புதுத் தொழில்நுட்பத்தைச் சட்டம் எப்படிக் கையாளுகிறது என்று படிக்கிறவர்கள் செயற்கை நுண்ணறிவில்தான் ஆரம்பிப்பார்கள். நாம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ரோட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. பெயரிலேயே சிசி, அதாவது எஞ்சின் சிலிண்டரின் கொள்ளளவு. 1988-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டமும் வண்டியை சிசி வைத்தே அளந்தது. 16 வயதில் லைசென்ஸ் வேண்டுமா? 50 சிசி தாண்டக் கூடாது. நான்கு சக்கரத்துக்குக் குறைவாக, 25 சிசி-க்குள் இருக்கிறதா? சட்டப்படி அது மோட்டார் வாகனமே இல்லை.

[காட்சி: போச்சம்பள்ளி சிப்காட்.]

2021-ல் ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா. ஒரே மாவட்டத்தில் இரண்டு மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள். சரி, சிலிண்டரே இல்லாத வண்டிக்கு சிசி ஏது?

சட்டத்தைத் திருப்பி எழுதாமல், மத்திய மோட்டார் வாகன விதிகளில் முன்பே வேறு அளவுகோல் வைத்திருந்தார்கள். மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிறுவனம் இதைச் சரிபார்த்திருக்க வேண்டும். அப்படியானால் ஆர்.சி. வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். மற்ற மின்சார வண்டிகளுக்குப் பச்சை நம்பர் பிளேட்.

பேட்டரி கதை வேறு மாதிரி. 2022-ல் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்புத் தரத்தை இறுக்கினார்கள். முதல் கட்டம் 2022 டிசம்பர் 1 முதல், அடுத்தது 2023 மார்ச் 31 முதல். தீ முந்திக்கொண்டது, விதி பின்னால் வந்தது.

வேக விஷயத்தில் விதி முன்னாலேயே இருந்தது. ஆனாலும் ஒழுகுகிறது. ஏன்?

[காட்சி: மெக்கானிக் மேசையில் கழற்றி வைத்த கன்ட்ரோலர்.]

சிசி என்பது இரும்பில் இருந்தது. அதைக் கூட்ட வேண்டுமென்றால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்தால் மாட்டிக்கொள்வோம். 25 கிலோமீட்டர் என்ற வரம்போ, மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலருக்குள் இருக்கிறது. ஒரு ஒயரைக் கழற்றினாலோ செட்டிங்கை மாற்றினாலோ பல வண்டிகளில் அது போய்விடும். வெளியே ஒரு ஸ்க்ரூ கூட மாறியிருக்காது. பரிசோதனை நடந்தது ஒரு சாம்பிள் வண்டிக்கு. வேகம் கூடுவது தெருமுனைக் கடையில். என் பார்வையில் இதுதான் அந்த விதியின் பெரிய ஓட்டை.

'லாக் எடுத்துத் தருகிறோம், 45 போகும்' என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வரம்பைத் தாண்டியதும் அது மோட்டார் வாகனம். ஆர்.சி. இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, ஓட்டுவது பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளை. யார் மீதாவது மோதினால் இழப்பீடு வண்டிக்காரர் கையிலிருந்துதான் போகும். கடைக்காரர் வரமாட்டார்!

நம்பர் பிளேட் வேண்டாத வண்டி வாங்கும்போது, பரிசோதனை நிறுவனம் கொடுத்த சான்றிதழின் நகலைக் கேளுங்கள். பில்லில் உள்ள மாடல் பெயரும் அதில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள்.